காகிதத் தட்டு என் பொறுப்பு

2022 தீபாவளி ஒரு திங்கட்கிழமை வந்தது. கணவருக்கு அலுவலகம், பையனுக்குப் பள்ளி. காலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நியூஜெர்சியில் ஹைலண்ட் பார்க் என்ற இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு டப்பாவில் மைசூர்பாகும் முறுக்கும் போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தலைமுடி தெரியாமல் நீலத் துணி கட்டியிருந்தார். டப்பாவைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நெய் வாசனை பிரமாதம். ஆனால் என்னால் சாப்பிட முடியாது, நாங்கள் யூதர்கள், கோஷர் என்ற உணவு விதிப்படிதான் சாப்பிடுவோம். நீ உள்ளே வந்து உட்கார்" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இது சைவம்தானே, கடலைமாவும் நெய்யும் சர்க்கரையும்தானே என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். பொருள் மட்டும் கணக்கில்லையாம். எந்தப் பாத்திரம், எந்த அடுப்பு என்பதும் சேர்த்தி. பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, "நாளை ராத்திரி எட்டு மணிக்கு வா. ரோஷ் ஹோதெஷ். பெண்கள் மட்டும்தான். ஒன்றும் கொண்டுவராதே" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, காகிதத் தட்டு கொண்டு வா. இருபது" என்றார்.

அந்த இருபது காகிதத் தட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். அமெரிக்கா வந்த இத்தனை ஆண்டுகளில் "உங்கள் வீட்டுக்கு ஒருநாள் வருகிறோம்", "நீங்கள் ஒருநாள் வாங்க" என்று நூறு பேராவது சொல்லியிருப்பார்கள். ஒரு வேலையைக் கொடுத்துக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். வெறுங்கையோடு வரச் சொல்லியிருந்தால், தலைவலி என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். தட்டு என்னிடம் இருக்கிறதே, போகாமல் எப்படி?

ரோஷ் ஹோதெஷ் என்றால் மாதப் பிறப்பு. யூத மாதம் பிறையோடு தொடங்குகிறது. 29 நாள் அல்லது 30 நாள். பழைய காலத்தில் பிறையைக் கண்ணால் பார்த்தவர்கள் எருசலேமுக்குப் போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் மாதம் பிறந்ததாக அறிவிப்பார்களாம். பிறகு கணக்கு வந்துவிட்டது: 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். நம் பஞ்சாங்கக்காரர்களின் அதிக மாதத்தைப் போலத்தான். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால், அதற்கு ஓரிரு நாளில் அவர்களுக்கு ஒரு மாதம் பிறந்துவிடுகிறது. எனக்கு அழைப்பு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எல்லாம் நிலாவின் ஏற்பாடு.

இந்த நாள் ஏன் பெண்களுக்கு என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. எகிப்தைவிட்டு வந்த யூதர்கள் பாலைவனத்தில் இருந்தபோது, சிலையாக வைத்து வணங்கப் பொன் கன்றுக்குட்டி செய்வதற்காக ஆண்கள் மனைவிமாரிடம் காதணிகளைக் கழற்றிக் கேட்டார்களாம். பெண்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அதற்குப் பரிசாகத்தான் மாதப் பிறப்பு அவர்களுக்கு ஓய்வு நாளானது. நகையைக் கேட்டுக் கொடுக்காமல் இருந்ததற்கு மாதம் ஒருநாள் விடுமுறை! இதைச் சொன்னபோது என் அம்மா ஃபோனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வழக்கம் நெடுங்காலம் பெயரளவில்தான் இருந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில பெண்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1976ல் ஆர்லீன் ஏகஸ் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துப் பல ஊர்களில் குழுக்கள் தொடங்கினவாம். எல்லா யூதப் பெண்களும் இப்படிக் கூடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்தது ஒரு தெருவைச் சுற்றியிருக்கும் பதினாலு பேரை. அதிலேயே தலையை மூடுபவரும் உண்டு, ஜீன்ஸ் போடுபவரும் உண்டு.

அன்று ராத்திரி கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு திரி விளக்கு. பெரிய சடங்கு எதுவும் இல்லை. போன மாதம் எப்படிப் போனது என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே போகக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. "எனக்கும் அப்படித்தான்" என்று தன் கதையைத் தொடங்கவும் கூடாது. பேச விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று சொல்லிவிடலாம். நான் அதைத்தான் சொன்னேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை.

அப்புறம் அந்த மாதத்துக்குப் பொறுப்பேற்றவர் மாதத்தின் பெயரைப் பற்றிப் பேசினார். பிறந்திருந்தது ஹெஷ்வான். அதற்கு முந்தைய திஷ்ரி மாதம் முழுக்கப் பண்டிகை: புத்தாண்டு, உபவாசம், குடில் பண்டிகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஹெஷ்வானில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கசப்பு என்று பொருள் வரும்படி 'மார்' சேர்த்து மார்ஹெஷ்வான் என்பார்கள் என்றார். ஓய்வுபெற்ற ஒரு நூலகர் உடனே, அது அப்படி வந்த பெயரில்லை, 'எட்டாம் மாதம்' என்ற பழைய பாபிலோனியச் சொல் என்று திருத்தினார். இருவரும் சிறிது நேரம் மல்லுக்கட்டினார்கள். எது சரியோ, பொறுப்பாளர் கடைசியில் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது: "பண்டிகை மாதத்தில் யாரும் தனியாக இல்லை. எல்லாம் முடிந்து விருந்தாளிகள் போன பிறகுதான் வீடு பெரிதாகத் தெரிகிறது. நாம் சந்திக்க வேண்டியது இந்த மாதத்தில்தான்." முந்தைய நாள் புதுச் சுடிதாரோடு தனியாக உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

சரியாக ஒன்பதரைக்கு விளக்கை மட்டும் விட்டுவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். ஆளுக்கு ஒரு நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்தினார்கள். வீட்டுக்கார அம்மாளுக்குத் துடைப்பதற்கு மேஜை மட்டுமே மிச்சம்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா மாதமும் போய்வருகிறேன். இவர்களுக்குள் நட்பு ஏன் காய்ந்துபோவதில்லை என்று கவனித்துப் பார்த்ததில் முதலில் தெரிந்தது, இவர்கள் தேதி பேசுவதே இல்லை. நிலா பேசிவிடுகிறது. "உனக்கு எப்போது வசதி?" என்ற கேள்வி எழுவதில்லை. வராதவர் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்காகக் கூட்டம் தள்ளிப்போகாது, அடுத்த மாதம் வந்தால் ஏன் வரவில்லை என்ற விசாரணையும் கிடையாது.

இரண்டாவது காரணம், நடந்து போவது. ஷப்பாத் என்ற ஓய்வு நாளில், வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை, நெறியோடு இருப்பவர்கள் ஃபோனைத் தொடுவதில்லை, கார் ஓட்டுவதில்லை. அதனால் ஜெபாலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார்க்கிறார்கள். ஊரைச் சுற்றி ஏரூவ் என்று ஓர் எல்லைக் கம்பி ஓடுகிறது. அதற்குள் மட்டும் அன்று குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். எனவே சனிக்கிழமை மதியம் தெரு முழுக்கப் பெண்களும் தள்ளுவண்டிகளுமாக இருக்கும். ஃபோன் கையில் இல்லாததால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதும் முடியாது, நேரே வந்து கதவைத் தட்டுவார்கள். என் தமிழ்த் தோழிகள் எல்லாரும் கார் தூரத்தில் இருக்கிறார்கள். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கும்போது பார்த்துக்கொண்டால் உண்டு.

மூன்றாவது, சாப்பாடு. கட்டுப்பாடு உள்ள வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று தயங்குபவர்களுக்காக நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நறுக்காத முழுப் பழம் எப்போதும் சரி. கோஷர் முத்திரை உள்ள, உறை பிரிக்காத பொட்டலம் சரி; வட்டத்துக்குள் 'யு' எழுத்து போட்டது நம் ஊர்க்காரர்கள் போகும் கடைகளிலேயே நிறைய இருக்கிறது. பூ சரி, ஆனால் துக்க வீட்டுக்கு வேண்டாம். சைவம் என்பதால் மட்டும் கோஷர் ஆகிவிடாது: பாலாடைக்கட்டியில் விலங்குப் பொருள் இருக்கலாம், கீரையில் பூச்சி இருக்கலாம். கீரையை இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்க்கிறார்கள். அந்த வேலையை என்னிடம் கொடுத்தபோது மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, "உன் சமையலைச் சாப்பிட வேண்டும், என் அடுப்பில் செய்" என்றார் பக்கத்து வீட்டம்மா. அடுப்பை அவர் பற்றவைத்தார். அதுவும் ஒரு விதி. அவருடைய பாத்திரத்தில், அவர் வாங்கிவைத்த கொண்டைக்கடலையில் சுண்டல் செய்தேன். தேங்காய் போட்டது அவர்களுக்குப் புதிது. கடலை புதிதில்லை. ஆண் குழந்தை பிறந்தால் முதல் வெள்ளி இரவில் உறவும் நட்பும் கூடுமாம். அங்கே உப்பும் மிளகும் தூவிய வேகவைத்த கொண்டைக்கடலை வைப்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கம். "ஆர்பெஸ்!" என்று ஒரு பாட்டி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தரவில்லை.

அந்த நூலகர் ஒருநாள் சொன்ன கதையை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1893ல் சிகாகோவில் உலகக் கண்காட்சியை ஒட்டிச் சர்வ சமயப் பேரவை நடந்தது நமக்கெல்லாம் தெரியும், விவேகானந்தர் பேசியதால். அதே கண்காட்சியை ஒட்டி யூதர் தரப்பிலும் நிகழ்ச்சிகள் ஏற்பாடாகின. யூதப் பெண்களைத் திரட்டித் தரும்படி ஹன்னா சாலமன் என்பவரைக் கேட்டார்கள். அவரும் ஊர் ஊராகக் கடிதம் எழுதித் திரட்டினார். பார்த்தால், பெண்களுக்கு வைத்திருந்த வேலை காபி ஊற்றி உபசரிப்பது. இவர்கள் வெளியே வந்து, தங்களுக்கென்று தனி மாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் யூதப் பெண்களின் தேசிய மன்றம், இன்றும் இயங்குகிறது. "அதனால்தான் எங்கள் கூட்டத்தில் அவரவர் காபியை அவரவரே ஊற்றிக்கொள்ள வேண்டும்" என்று முடித்தார். அது ஹன்னா சாலமன் வகுத்த விதியா, நூலகரின் சோம்பலா என்று நான் கேட்கவில்லை.

2023 கோடையில் குழுவில் ஒருவரின் தந்தை இறந்துவிட்டார். "இன்று மாலை ஷிவாவுக்கு வருகிறாயா?" என்று செய்தி வந்தது. எனக்கு ஒரு கணம் சிவபெருமான்தான் நினைவுக்கு வந்தார். எபிரேய மொழியில் ஷிவா என்றால் ஏழு, ஏழு நாள் துக்கம். கதவைப் பூட்டாமல் வைத்திருப்பார்கள், மணி அடிக்கக் கூடாது. உள்ளே போய் உட்கார வேண்டும். துக்கத்தில் இருப்பவர் முதலில் வாய் திறக்கும்வரை நாம் பேசக் கூடாது. அவர்கள் தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்திருக்க, கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். முதல் வேளைச் சாப்பாட்டை அந்த வீட்டார் தங்கள் உணவிலிருந்து எடுக்கக் கூடாது, மற்றவர்கள்தான் கொண்டுவர வேண்டும். இந்த ஒன்று மட்டும் நம் ஊர் போலவே இருந்தது.

ஏழு நாளைக்கும் யார் எந்த வேளைக்குச் சமைப்பது என்று இணையத்தில் ஒரு அட்டவணை போட்டார்கள். அரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. நான் சமைக்க முடியாது. பக்கத்து வீட்டம்மா, "நீ தினமும் மூன்று மணிக்கு அவள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவா. அப்புறம் தட்டு, தம்ளர் தீராமல் பார்த்துக்கொள்" என்றார். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று யாரும் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம், கேட்டுப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதே கிடையாது.

2024 பிப்ரவரியில் என் அப்பா கோவையில் மருத்துவமனையில் இருந்தார். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன், கையில் இல்லை. பக்கத்து வீட்டம்மா என்னிடம் அப்பாவின் பெயரையும் அப்பாவைப் பெற்ற அம்மாவின் பெயரையும் எழுதி வாங்கினார். நோயாளிக்காகப் பிரார்த்திக்கும்போது தாயின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்களாம். தெஹில்லிம் எனப்படும் 150 சங்கீதங்களையும் வாட்ஸ்அப்பில் ஆளுக்குப் பத்து, பதினைந்து என்று பிரித்துக்கொண்டு படித்தார்கள். உடுமலைப்பேட்டையைத் தாண்டாத என் அப்பத்தாவின் பெயரை, வாயில் நுழையாமல் தட்டுத் தடுமாறி, நியூஜெர்சியில் பதினாலு பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். காரியங்களை ஃபோன் திரையில் பார்த்தேன். அன்று மாலை வாசல் கதவு தானாகத் திறந்தது, மணி அடிக்கவில்லை. இரண்டு பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நிமிடம் இருக்கும், நான்தான் முதலில் பேசினேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்ததை, டிக்கெட்டை எச்சில் தொட்டுக் கிழிக்காதவர் என்று பெயர் வாங்கியதை, எதையெல்லாமோ. ஏழு நாளும் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். அவர்கள் துக்கச் சாப்பாட்டில் முட்டை உண்டு. நான் முட்டை சாப்பிடமாட்டேன் என்று விசாரித்து, பருப்புக் கஞ்சி கொண்டுவந்தார்கள். துக்க வீட்டுக்குப் பருப்பு ஏன் என்று பழைய நூலில் காரணம் இருக்கிறதாம்: மற்றப் பயறுகளில் வாய் போல ஒரு பிளவு உண்டு, மைசூர்ப் பருப்பு வகைக்கு அது இல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று எழுதினால் பொய். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலை ஹமாஸ் தாக்கிய பிறகு வந்த முதல் கூட்டம் ஹெஷ்வான் மாதத்தினுடையது. இஸ்ரேலில் பிள்ளைகள் உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள். போரைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்களும் இருந்தார்கள். அந்த இரவு "ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே பேசக் கூடாது" என்ற விதி இல்லாமல் இருந்திருந்தால் குழு உடைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இருவர் சில மாதம் வரவில்லை. ஒருவர் திரும்பி வந்தார்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தது. 2024ல் அவர்கள் புத்தாண்டும் நம் நவராத்திரியும் ஒரே அமாவாசையை ஒட்டி வந்தன. அவர்களுடைய பெரிய உபவாச நாளும் விஜயதசமியும் அக்டோபர் 12 அன்று ஒன்றாகவே விழுந்தன. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று எல்லாரையும் கொலுவுக்குக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா நேரில் வந்தார். "உன் வீட்டுக்கு வருவேன். தெய்வ உருவங்களை வைத்து வணங்கும் அறைக்கு வர என் மதம் விடாது. படைத்ததையும் சாப்பிட முடியாது. ஜலதோஷம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது."

இரண்டு நாள் மனசு சரியில்லை. என் அடுப்பில் குறை, இப்போது என் சாமியிலும் குறையா என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். மூன்றாம் நாள், அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டேன். முழு ஆரஞ்சுகள், காகிதத் தம்ளரில் தேநீர். நாலு பேர் உள்ளே போய் ஐந்து படியையும் பார்த்துச் செட்டியார் பொம்மையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏழு பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் என் கொலுவுக்கு இரண்டு அறை என்று வைத்துக்கொண்டேன்.

நூலகர் அன்று என்னிடம் கேட்டார்: "கோவைக்கும் கொச்சிக்கும் எவ்வளவு தூரம்? அங்கிருந்த யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகளைக் கேட்டிருக்கிறாயா?" நாலைந்து மணி நேரப் பயணம்தான். கேட்டதில்லை. கல்யாணத்திலும் பண்டிகையிலும் கூட்டமாகப் பாடுவதற்காக அந்தப் பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்துக்கொண்டு, மகளுக்கும் மருமகளுக்கும் படி எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1950களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் கூடவே போயின. என் பக்கத்து ஊர்ப் பாட்டை ஹைலண்ட் பார்க்கில் உட்கார்ந்து அவருடைய கணினியில்தான் முதல்முதலாகக் கேட்டேன். எனக்கு முக்கால்வாசி புரிந்தது, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று அர்த்தம் சொன்னவள் நான்.

இதையெல்லாம் பார்த்து நானும் தமிழ்ப் பெண்களைச் சேர்க்க முயன்றேன். முதல் முயற்சி படுதோல்வி. பதினோரு பேருக்கு நாலு தேதி கொடுத்து வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தேன், மூன்று வாரம் ஓடியது. வந்த நாளில் நானே ஒன்பது பண்டம் செய்து, பரிமாறி, ஒருவரோடும் பேசாமல் பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தேன். அடுத்து யார் வீட்டில் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது பண்டத்துக்கு யாரால் முடியும்? இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, நாலு முதல் ஆறு வரை, யார் வந்தாலும் வராவிட்டாலும். ஒரே ஒரு பண்டம். புதிதாக வருபவரிடம் "சும்மா வாங்க அக்கா" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "வரும்போது பால் ஒரு கேன் வாங்கிட்டு வாங்க அக்கா" என்கிறேன். மூன்று பேர் வந்த மாதமும் உண்டு, அன்றும் நடந்தது.

இதற்கிடையில் எனக்கு ஒரு பதவி உயர்வு. ஆர்பெஸ் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்ட பாட்டி, பக்கத்து வீட்டம்மாவின் தாயார்தான், வயது எண்பத்து நாலு. புதன்கிழமைதோறும் மாஜாங் ஆடுகிறார். சீனத்து விளையாட்டு அமெரிக்க யூதப் பெண்களின் விளையாட்டாக ஆனது பெரிய கதை. 1937ல் நியூயார்க்கில் அவர்களே ஒரு சங்கம் வைத்து விதிகளை ஒழுங்குபடுத்தினார்கள். 152 காய்கள். சிறுமியாக இருந்தபோது கேட்ஸ்கில் மலையில் கோடைக் குடில்களில் அம்மாமார்கள் ராத்திரி முழுக்க ஆடும் காய்ச் சத்தத்தில்தான் தூங்குவேன் என்பார். எந்தெந்த வரிசை சேர்த்தால் வெற்றி என்ற அட்டையைச் சங்கம் ஒவ்வொரு வருடமும் மாற்றிவிடுகிறது. ஐம்பது வருடம் ஆடியவரும் வசந்தத்தில் அட்டையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு முதலிலிருந்து படிக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

அவருடைய மேஜையின் நாலாவது ஆள் ஃப்ளோரிடாவில் மகன் வீட்டோடு போய்விட்டார். போன வாரம் பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "புது அட்டை வந்துவிட்டது. புதன் இரண்டு மணி. உனக்கு ஆடத் தெரியாது என்று எனக்குத் தெரியும்" என்றார்.

என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

"சில்லறை" என்றார். "நீ தோற்பாய்."